விற்பவன் நீதிபதி, குடிப்பவன் குற்றவாளி!

தன் சரக்கு தீங்கானது என்று தானே அச்சடித்து, அச்சடித்ததை அந்தச் சரக்கின் மீதே ஒட்டி, ஒட்டியதைத் தானே விற்று, விற்ற பணத்தைத் தானே எண்ணிப் பெட்டியில் போட்டுக்கொள்ளும் வியாபாரியை உலகத்தில் எங்கேனும் கண்டதுண்டா, தோழர்களே? வேறெங்கும் தேட வேண்டாம். "குடி குடியைக் கெடுக்கும்" என்ற வாசகத்தைப் பல ஆண்டுகளாகப் புட்டிதோறும் ஒட்டி விற்றவர் யார்? கள்ளச்சந்தைக்காரரா? இல்லை. தமிழ்நாட்டுச் சர்க்கார்!

எச்சரித்துவிட்டோம், அதற்கு மேலும் குடித்தால் குற்றம் உன்னுடையது என்பதுதான் அந்தச் சீட்டின் உட்பொருள். திறந்த கிணற்றின் ஓரத்தில் "விழுந்தால் சாவாய்" என்று பலகை எழுதி நட்டுவிட்டு, விழ வருகிறவனிடம் தலைக்கு இவ்வளவு என்று கட்டணமும் வாங்கினால், அந்தத் தொழிலுக்கு என்ன பெயரோ அதுவே இதற்கும் பெயர்.

ராஜபாளையத்தில் பேருந்து ஏறினால் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர அரை மணி நேரம். மேற்கே கூடவே வரும் மலைத்தொடர், நூற்பாலைகளின் நீண்ட சுவர்கள், மாந்தோப்பு, தென்னந்தோப்பு, கண்மாய்க்கரை, கடைசியில் ஆண்டாள் கோயிலின் 11 நிலைக் கோபுரம். இந்த வட்டாரத்தில் ஏதேனும் ஒரு மதுக்கடையின் எதிரே, கடை திறக்கும் பகல் 12 மணிக்கு ஒரு நாள் நின்று பாருங்கள். வரிசையில் நிற்பவர் யார்? இரவு ஷிப்டு முடித்து, பஞ்சுத் தூசி படிந்த இமைகள் மூடாமல், மூடினாலும் உறக்கம் பிடிக்காமல் தவிக்கும் ஆலைத் தொழிலாளி. மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்து, பூ உதிர்ந்த அன்றே கடனில் விழுந்தவர். மூட்டை தூக்கித் தோள் காய்ந்தவர். கொத்தனார். சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்குப் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக்காரர். ஊரார் புண்ணுக்கெல்லாம் கட்டுத்துணி நெய்து அனுப்புகிற அந்த மனிதர் தம் புண்ணுக்கு மருந்து தேடி அந்த வரிசையில் நிற்கிறார்.

எதிர்த் தேநீர்க் கடையில் நீதிமன்றம் கூடியிருக்கிறது. "உழைத்த காசை ஊற்றிக் கெடுக்கிறான், இவனுக்கெல்லாம் எத்தனை கூலி கொடுத்தால் என்ன?" என்கிறார் ஒருவர். "குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு" என்று பழமொழி சொல்லித் தீர்ப்பை முடிக்கிறார் இன்னொருவர். கூலியை உயர்த்தாமலிருக்க முதலாளிக்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டது. கடையை மூடாமலிருக்க ஆளவந்தாருக்கு ஒரு சாக்கும் கிடைத்துவிட்டது. இந்தத் தீர்ப்பை வெளியார் சொன்னால் நமக்கு வியப்பில்லை. நம் தோழர்களில் சிலரும், கொடியும் குரலும் உயர்த்தத் தெரிந்தவர்கள், இதே தீர்ப்பைச் சொல்லக் கேட்கிறோமே, அதுதான் நெஞ்சை அறுக்கிறது. குடிப்பவனைப் பாவி என்று ஏசும்போதெல்லாம், விற்பவனின் குற்றப்பத்திரிகையிலிருந்து ஒரு தாளை நம் கையாலேயே கிழித்துப் போடுகிறோம் என்பதை உணர்த்தவே இக்கட்டுரை.

சர்க்கார் எப்பொழுது இந்த வியாபாரத்துக்கு வந்தது? கதை நீளமானது, ஆனாலும் தொண்டர்கள் அறிந்திருக்க வேண்டியது.

சென்னை மாகாணத்தில் ராஜாஜி மந்திரிசபை 1937 அக்டோபர் 1ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. பிறகு வேறு சில மாவட்டங்களுக்கும் அது பரவியது. கள், சாராய வருமானம் போனால் கஜானாவை எதைக் கொண்டு நிரப்புவது என்ற கேள்வி எழுந்தது. அதற்குக் கண்ட விடைதான் 1939ஆம் ஆண்டின் பொது விற்பனை வரிச் சட்டம். இந்தியாவிலேயே அத்தகைய முதற்சட்டம் அது. ஏழை வாங்கும் எண்ணெயிலும் துணியிலும் ஒரு பங்கு வரியாகப் போகும். அதற்கு ஈடாக அவன் வீட்டு வாசலில் கள்ளுக்கடை இராது. இதுவே அன்றைய உடன்படிக்கை. மக்கள் வரியை ஏற்றார்கள், முணுமுணுத்தாலும் கட்டினார்கள்.

இடையில் போர் வந்தது, மதுவிலக்கு நின்றது. நாடு விடுதலை பெற்றபின், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராயிருந்த காலத்தில், 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுதும் மதுவிலக்கு அமலாயிற்று. அவருக்குப் பின் 1949 முதல் 1952 வரை அந்த ஆட்சியை நடத்தியவர் யார் தெரியுமா? நம் ராஜபாளையத்துக்காரரான பி.எஸ். குமாரசாமி ராஜா! காந்தி கலைமன்றத்துக்குத் தம் வீட்டையே கொடுத்தவர். அவர் கட்சியோடு நமக்குள்ள வழக்கு வேறு. அதை இங்கே கிளற விரும்பவில்லை. ஆனால் மாகாணமே கடை மூடியிருந்த நாளில் அதன் நாற்காலியில் அமர்ந்திருந்தவரின் ஊரில், இன்று பகல் 12 மணிக்கு வரிசை நிற்கிறது என்பதைச் சொல்லாமல் போக முடியவில்லை.

பின் நடந்தவை எல்லாரும் அறிந்தவை. 1971இல் மதுவிலக்கு தள்ளிவைக்கப்பட்டது; 1974இல் மீண்டும் வந்தது; 1981இல் மீண்டும் தளர்ந்தது. 1983இல் மொத்த விற்பனைக்கென்று டாஸ்மாக் கழகம் தோன்றியது. 2003 நவம்பரில் சில்லறைக் கடையையும் சர்க்காரே நடத்தத் தொடங்கியது. ஒரு கட்சி திறந்ததை மறு கட்சி மூடவில்லை. ஒரு கட்சி தொடங்கியதை மறு கட்சி வளர்த்தது. 2003-04இல் சுமார் 3,639 கோடி ரூபாயாக இருந்த மது வருவாய் 2023-24இல் 45,855 கோடி ரூபாயைத் தாண்டியது. அடுத்த ஆண்டில் 48,000 கோடியையும் கடந்தது. எந்தப் பயிர் இருபது ஆண்டில் இப்படிப் பன்னிரண்டு மடங்கு விளைந்தது, சொல்லுங்கள்?

1939இல் மதுவுக்குப் பதிலாக வந்த வரி போய்விட்டதா என்று கேட்கிறோம். போகவில்லை. விற்பனை வரி 2007இல் மதிப்புக் கூட்டு வரியாயிற்று. 2017இல் சரக்கு சேவை வரியாயிற்று. பெயர் மூன்று, பறிகொடுக்கும் பை ஒன்று. ஈடாக வாங்கிய வரியும் கஜானாவிலே. எதற்கு ஈடாக வாங்கினார்களோ அந்த மது வருவாயும் கஜானாவிலே! அடகுப் பணத்தையும் திருப்பிக் கொடுக்காமல், அடகு வைத்த பொருளையும் திரும்ப எடுத்துக்கொண்டவனை ஊரில் என்னவென்று சொல்வார்கள்?

இதில் டில்லிக்கும் பங்குண்டு என்பதை மறைக்கக் கூடாது. 2017இல் மாநிலங்களின் வரி போடும் உரிமையை வாரிக்கொண்டு போனபோது, மனிதர் அருந்தும் மதுவைப் புதிய வரிக்கு வெளியே விட்டுவைத்தார்கள். மாநிலத்தின் கைக்கு எஞ்சிய பெரிய வருவாய்களில் ஒன்று அது. மருந்தும் வேண்டாம், கல்வியும் வேண்டாம், இந்தா புட்டி, இதில் பிழைத்துக்கொள் என்று கொடுத்தது போலாயிற்று. மதுவிலக்குக்கு அரசு முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 47ஆவது பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டி எந்த மத்திய மந்திரியாவது மாநிலத்துக்கு ஈட்டுத்தொகை தருகிறேன் என்று முன்வந்ததுண்டா?

விற்பவன் கதை இது. இனி, குடிப்பவன் கதை.

பலர் நினைப்பது போல மனிதன் களிப்புக்காக மட்டும் குடிக்கத் தொடங்குவதில்லை. ஆலைத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். இந்த வாரம் பகல் ஷிப்டு. அடுத்த வாரம் இரவு ஷிப்டு. உடம்பு ஒரு நேரத்துக்குப் பழகுமுன் அடுத்த நேரம் வந்துவிடுகிறது. இரும்புத் தகரக் கூரையின் கீழ், நடுப்பகல் வெயிலில், குழந்தைகள் விளையாடும் ஒற்றை அறையில் அவன் உறங்க வேண்டும். உறக்கம் வரவில்லை. உடன் வேலை செய்பவன் சொல்கிறான்: ஒரு "கட்டிங்" போட்டால் தூக்கம் வந்துவிடும். வருகிறது! முதல் மாதம் அது மருந்து. ஆறாம் மாதம் அதே அளவு போதவில்லை. இரண்டாம் ஆண்டு, குடித்தால் உறக்கம் என்ற நிலை போய், குடிக்காவிட்டால் நடுக்கம் என்ற நிலை வருகிறது. இந்த இடத்தில் அவன் கோட்டைத் தாண்டிவிட்டான். தாண்டியது அவனுக்கே தெரியாது.

இன்னொரு காரணமும் உண்டு; அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அது அவமானம். பத்துப் பேர் நடுவே மேஸ்திரியிடம் வசவு வாங்கியவன், வட்டிக்காரன் வாசலில் வந்து கத்தியதைப் பிள்ளைகள் கேட்கக் கண்டவன், சாதியின் பேரால் தெருவில் தாழ்த்தப்பட்டவன், இவர்கள் யாவரும் அந்த அவமானத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவார்கள்? சங்கம் வலுவாயிருந்த காலத்தில் சங்கத்தில் இறக்கினார்கள். கோபம் கோரிக்கையாயிற்று. ஒப்பந்தக் கூலிமுறை வந்து, சங்கக் கிளை மெலிந்த இடங்களில் கோபத்துக்குப் போக்கிடம் ஒன்றுதான்: மதுக்கடையை ஒட்டிய "பார்". அங்கே ஒரு மணி நேரம் அவன் அரசன். மறுநாள் காலையில் அவமானம் இரட்டிப்பாகிறது. நேற்றைய அவமானத்தோடு நேற்று இரவு தான் நடந்துகொண்ட விதமும் சேர்ந்துகொள்கிறது. அதை மறக்க மறுபடியும் அதே இடம். அவமானத்தால் குடிக்கிறவனை மேலும் அவமானப்படுத்தித் திருத்தலாம் என்று எண்ணுவது, எரிகிற கூரையின் மேல் மண்ணெண்ணெயை ஊற்றி அணைக்கப் பார்ப்பதாகும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. என் பங்குக் குற்றம் ஒன்றுண்டு. அதை இத்தனை ஆண்டுக்குப் பிறகேனும் இந்தப் பத்தியில் ஒப்புக்கொள்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், ஆலைச் சங்கக் கிளை ஒன்றில் நான் பொறுப்பிலிருந்தபோது, கார்டிங் பகுதியில் ஒரு தோழர் இருந்தார். பெயர் வேண்டாம். வேலைநிறுத்த நாட்களில் வாயிலில் முதல் ஆளாய் நின்றவர். பிறகு குடி அவரைப் பிடித்தது. அவருடைய மனைவி ஒரு மாலை சங்க அலுவலகத்துக்கு வந்து அழுதார். நாங்கள் கூடினோம், தோழரை அழைத்தோம். அறிவுரை சொன்னோம் என்பது பொய், ஏசினோம். "சங்கத்தின் பெயரைக் கெடுக்கிறாய்" என்றேன் நான். கொடியின் மேல் கை வைத்து, இன்று முதல் ஒரு சொட்டும் தொடுவதில்லை என்று அவர் சத்தியம் செய்தார். கை அப்போதே நடுங்கியது. உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார் என்று நினைத்துப் பெருமைப்பட்டோம்!

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். முதல் நாள் கழிந்தது. இரண்டாம் நாள் உடலெல்லாம் வியர்த்து, சோறு இறங்கவில்லை. மூன்றாம் இரவு சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்றார். போலீசு வந்துவிட்டது, தோழர்களை ஓடச் சொல்லுங்கள் என்று கத்தினார். பேய் பிடித்தது என்றார்கள் அக்கம்பக்கத்தார். கோடாங்கியை அழைக்க ஒருவர் ஓடினார். கட்டிலோடு கயிறு போட்டுக் கட்டினார்கள். விடியுமுன் வலிப்பு. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனோம். மருத்துவர் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பல வருஷமாக் குடிச்சவரை ஒரே நாளில் நிறுத்தச் சொன்னது யார்?" பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. தோழர் பிழைக்கவில்லை.

அந்த அம்மையார் என்னைத் திட்டவில்லை. "குடிச்சுக்கிட்டாவது இருந்திருப்பாகளே, அண்ணே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நடந்தது என்ன என்பதைப் பின்னர் ஒரு மருத்துவர் எனக்கு விளக்கினார். மது மூளையின் ஓட்டத்தை மந்தப்படுத்தும் பொருள். நாள்தோறும் மந்தப்படுத்தினால் மூளை சும்மா இராது; ஈடுகட்டத் தன்னைத் தானே முடுக்கிக்கொள்ளும். வண்டியில் ஒருவன் தடையை அழுத்திக்கொண்டேயிருக்க, இன்னொருவன் வேகத்தைக் கூட்டிக்கொண்டேயிருப்பது போல. திடீரென்று மதுவை எடுத்துவிட்டால் தடை போய்விடுகிறது. முடுக்கம் மட்டும் எஞ்சுகிறது. அதுதான் நடுக்கம், வியர்வை, இல்லாததைக் காண்பது, வலிப்பு. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவருக்கு, நிறுத்திய இரண்டு மூன்று நாட்களில் இது உச்சத்துக்கு வரும். கவனிக்காவிட்டால் உயிரையும் குடிக்கும். மருத்துவமனையில் சில நாள் படுக்கவைத்து, படிப்படியாகக் குறைக்கும் மாத்திரையும், சத்தின்றிக் காய்ந்த நரம்புக்கு பி-1 வைட்டமின் ஊசியும் கொடுத்தால் பெரும்பாலோரைக் காப்பாற்றிவிடலாம். ஒரு படுக்கை, ஒரு வைட்டமின், சில மாத்திரை. இவற்றுக்கு எத்தனை கோடி வேண்டும்?

கோயிலில் கயிறு கட்டி நிறுத்துகிறவர்களும், சங்கத்தில் சத்தியம் செய்து நிறுத்துகிறவர்களும், மனைவி தெரியாமல் குழம்பில் மாத்திரை கலந்து நிறுத்தப்படுகிறவர்களும் நம் ஊரில் உண்டு. இந்தக் கடைசி வழி பெருங்கேடு. அந்த மாத்திரையின் மேல் மது பட்டால் உயிருக்கே ஆபத்து. உண்பவர் அறியாமல் அதைக் கொடுக்கவே கூடாது. கொடுக்கும் அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவளுக்கு வேறு வழி காட்டியவர் யார்?

அவள் படும் பாட்டைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குடி நாட்பட்டால் மனைவி மீது காரணமில்லாச் சந்தேகம் பிறப்பதை மருத்துவ நூல்கள் ஒரு நோயாகவே குறிக்கின்றன. நம் தெருக்களில் அதைக் குணம் என்று எண்ணி, அவள் மீதே ஒரு கண் வைக்கிறார்கள். சுயஉதவிக் குழுவில் வாங்கிய கடனின் வாரத் தவணை அவள் பெயரில். அந்தப் பணத்தில் பாதி கணவன் கை வழியே கடைக்குப் போயிருக்கும். இரவில் தெருமுனையில் காலடி ஓசை கேட்டதும், அது எந்த நடை, எவ்வளவு குடித்த நடை என்று கணிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் அந்த வீடுகளில் வளர்கின்றன. மூத்த பெண் பத்து வயதிலேயே தாயாகிவிடுகிறாள். தம்பியைத் தூங்க வைக்கிறாள், அரிவாளை ஒளித்துவைக்கிறாள். பையன், நான் ஒருநாளும் குடிக்க மாட்டேன் என்று சபதம் செய்கிறான். பதினெட்டு வயதில் ஆலைக்கோ தறிக்கோ போகிறான். இரவு ஷிப்டு அவனுக்காகக் காத்திருக்கிறது.

இனி, சர்க்காரின் மருத்துவக் கணக்கைப் பார்ப்போம். டில்லி எய்ம்ஸ் மருத்துவமனை மத்திய அரசுக்காக நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்நாட்டில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். அவர்களில் ஐந்தரைக் கோடிக்கும் மேற்பட்டோர் உதவி தேவைப்படும் நிலையில் இருக்கிறார்கள். மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் சிகிச்சை கிடைத்திருக்கிறது. மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர்! காலராவில் 180 பேர் விழுந்து ஒருவருக்கு மட்டும் படுக்கை கொடுத்தால் மந்திரிசபை நிலைக்குமா? இங்கே நிலைக்கிறது, ஏனென்றால் மற்ற 179 பேரும் நோயாளிகள் அல்லர், பாவிகள் என்று நாமே சொல்லிவிட்டோம்.

2025இல் "கலங்கரை" என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மையங்கள் திறக்கப்பட்டதை மறுக்கவில்லை. வரவேற்கிறோம். ஆனால் மருந்து மையத்தைத் தேடி நோயாளி பஸ் ஏற வேண்டும். மது மட்டும் அவன் போகும் வழியிலேயே கடை போட்டு உட்கார்ந்திருக்கும். இந்தக் கணக்கு நேராகும்வரை வரவேற்பை அளந்துதான் கொடுக்க முடியும்.

கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்று ஆளவந்தார்கள் அஞ்சுகிறார்களாம். நல்லது. 2023 மே மாதத்தில் மரக்காணம் பகுதியிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து மக்கள் மாண்டார்களே, அப்போது கடைகள் மூடியா கிடந்தன? கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள்! கடை திறந்திருக்கும்போதே அந்தச் சாவு வந்தது. கடைச்சரக்கின் விலைக்கு எட்டாத கூலிக்காரன் மலிவைத் தேடிப் போனான். மலிவோடு நஞ்சும் வந்தது. ஒரே நாளில் கூட்டமாய்ச் செத்தவர்களுக்கு ஆளுக்குப் பத்து லட்சம் நிவாரணம் அறிவித்தார்கள். கல்லீரல் கருகி, தெருவுக்கு ஒருவராய், ஆண்டுக்கு ஆண்டு சாகிறவனின் மனைவிக்கு என்ன கொடுத்தார்கள்? அவன் குடித்தது முத்திரை ஒட்டிய சரக்கு. ஆகையால் அது இயற்கை மரணம்!

அதற்காக, நாளைக் காலையே பூட்டு, போலீசை விடு, எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்லமாட்டோம். பழைய மதுவிலக்குக் காலத்தையும் நாம் அறிவோம். வசதியுள்ளவர் மருத்துவச் சான்று காட்டி "பெர்மிட்" வாங்கி வீட்டிலே அருந்தினார். இல்லாதவர் ஓடைக்கரையில் அருந்திவிட்டு லாக்கப்பில் விடிந்தார். நோயாளியைக் கைதியாக்கும் மதுவிலக்கு நமக்கு வேண்டாம். அதோடு, என் கார்டிங் தோழரை நினைத்துப் பாருங்கள். அப்படி எத்தனை ஆயிரம் பேர் ஒரே நாளில் மதுவின்றி நிறுத்தப்படுவார்கள்! படுக்கையும் மருந்தும் முதலில் வரட்டும்; கடைகள் ஆண்டுக்கு ஆண்டு குறையட்டும்; 2023 ஜூனில் ஒரே நாளில் 500 கடைகளை மூட முடிந்தவர்களுக்கு, அதைத் தொடர முடியாதா? போகும் வருவாய்க்கு ஈடு, செல்வர்களின் சொத்திலிருந்து வரட்டும். 1939ஐப் போல மறுபடியும் ஏழையின் எண்ணெயிலிருந்து வர வேண்டாம்.

கடையை எதிர்த்தவர்களை இந்த ஆட்சிகள் எப்படி நடத்தின என்பதும் ஏட்டில் இருக்கிறது. 1921இல் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலுக்கு முன் நின்ற நாடு இது. அதே கொங்கு மண்ணில், 2017 ஏப்ரலில், சாமளாபுரத்தில் மதுக்கடை வேண்டாம் என்று சாலையில் அமர்ந்த பெண்ணின் கன்னத்தில் போலீசு அதிகாரி அறைந்ததை நாடே பார்த்தது. 2015 ஜூலை 31ஆம் நாள் உண்ணாமலைக்கடையில், மதுக்கடையை அகற்றக் கோரிக் கோபுரத்தின் மீது ஏறி நின்ற காந்தியவாதி சசிபெருமாள் உயிரிழந்தார். அதே ஆண்டில், மதுக்கடையை எதிர்த்துப் பாடியதற்காகப் பாடகர் கோவன் மீது ராஜத்துரோக வழக்குப் போட்டுச் சிறையில் அடைத்தார்கள். பாட்டுப் பாடினால் ராஜத்துரோகம்; புட்டி விற்றால் ராஜசேவை!

இவ்வளவும் பிறரைச் சொன்னோம். நம்மையும் சொல்லிக்கொள்ள வேண்டும். தேர்தல் வேலைக்கு ஆள் சேர்க்கும்போது, மாலையில் என்ன ஏற்பாடு என்று கேட்கும் வழக்கம் எல்லாக் கட்சிகளிலும் புகுந்துவிட்டது. நம் பந்தலுக்குள் வரவே இல்லை என்று மார்தட்டத் தயாராக இருப்பவர் யார்? மேடையில் மதுவை ஏசிவிட்டு மாநாட்டு வண்டியில் புட்டியை ஏற்றுகிறவர், டாஸ்மாக்கின் சம்பளமில்லா ஊழியர். (சம்பளம் வாங்கும் ஊழியர்களும் இத்தனை ஆண்டு தொகுப்பூதியத்தில்தான் வாடினார்கள் என்பது வேறு கதை, அவர்கள் நமக்குப் பகைவர் அல்லர்.) குடித்துவிட்டுக் கூட்டத்துக்கு வரும் தோழரை வெளியே தள்ளுவது எளிது. மறுநாள் காலையில் அவர் வீட்டுக்குப் போய், கை நடுங்குகிறதா, எத்தனை ஆண்டாக, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்று கேட்பதுதான் கடினமான வேலை. அந்தக் கடினமான வேலையை நான் அன்று செய்யவில்லை.

ஆகவே, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத் தோழர்களுக்கு ஒரு வேலை. இரண்டு ஊர்களின் அரசு மருத்துவமனைகளுக்கும் இந்த வாரத்திலேயே இருவர் இருவராகச் சென்று மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுதி வாங்கி வாருங்கள். குடியை நிறுத்தவந்தவரைப் படுக்கவைக்க எத்தனை படுக்கை ஒதுக்கப்பட்டுள்ளது? வலிப்பைத் தடுக்கும் மாத்திரையும் பி-1 ஊசியும் இருப்பில் உள்ளனவா? மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்? மருத்துவரையும் செவிலியரையும் மரியாதையோடு அணுகுங்கள். அவர்களும் ஆள் பற்றாக்குறையில் அல்லற்படுகிறவர்களே. வரும் பதில்களைச் சேர்த்து மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுக்கப்படும். சத்திரப்பட்டி, தளவாய்புரம், சேத்தூர்க் கிளைகள் தனித்தனியே கையெழுத்து வாங்க வேண்டும். பெண்கள் கையெழுத்துக்குத் தனித் தாள் வைத்திருக்கிறோம், கணவர் பெயர் எழுதக் கட்டாயமில்லை. தாள்கள் சங்க அலுவலகத்தில் உள்ளன; மாலை ஆறு மணிக்கு மேல் வந்து பெற்றுக்கொள்ளலாம்.